நல்ல இலை என்று நான் சொன்னது

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஐந்து பேரையும் போன மாதம் அலுவலகத்தில் பார்த்தேன். தேநீர் கொடுத்து, கதிரையை இழுத்துப் போட்டு, நல்ல மரியாதை செய்தீர்கள். ஓய்வு பெற்ற ஆளை இப்படி உபசரித்தால் பின்னால் ஏதோ கேட்கப்போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். கேட்டீர்கள். ‘சார், உங்க அனுபவத்துல எங்களுக்கு உதவுற மாதிரி ஏதாவது எழுதிக் குடுங்க’ என்றீர்கள்.

கருவிகளைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அவை என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். இலையை எப்படி அளப்பது, எப்படி எண்ணுவது என்பதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. நான் எழுதுவது தலவாக்கலைப் பக்கத்தில் ஒரு சனிக்கிழமை நடந்தது. அந்த இடத்தில் நான் இரண்டு பிழைகள் விட்டேன். முதலாவதை ஒரே நாளில் சரிசெய்துவிட்டோம். இரண்டாவதுக்கு ஏழு மாதம் ஆனது.

நம் வேலையை வெளியே சொன்னால் ஆட்கள் சிரிப்பார்கள். என் மாமா சாகும்வரை ‘குப்ப பொறுக்குற உத்தியோகம்’ என்றுதான் சொன்னார். அவருக்கு நான் சொன்ன விளக்கம் இதுதான்: மரம் எழுந்து வேறிடம் போக முடியாது. குளிரோ மழையோ நின்ற இடத்தில் நின்றே சமாளிக்க வேண்டும். சமாளிக்க அதனிடம் இருப்பது இலை. கீழே வெப்பமான கித்துல்கலைக் காட்டுக்குள் போய்ப் பாருங்கள். இலை அகலம், மெல்லிசு, நுனி நீண்டு மழைத்தண்ணீரை வடியவிடும். மேலே குளிரான ஹோர்ட்டன் சமவெளிக்கு ஏறுங்கள். இலை சிறுத்து, தடித்து, தோல் மாதிரி ஆகிவிடும். உலகம் முழுக்கவும் அப்படித்தான். குளிர்ப் பிரதேசத்தில் ஓரம் பல்லுப் பல்லான மரங்கள் கூடுதல், வெப்பப் பிரதேசத்தில் ஓரம் வழவழப்பானவை கூடுதல். ஆகவே பல்லாயிரம் வருடத்துக்கு முன்னால் சேற்றில் விழுந்து மூடிப்போன இலைகளை எடுத்து, ஓரத்தையும் அகலத்தையும் தடிப்பையும் கணக்கெடுத்தால், அப்போது அந்த இடம் குளிர்ந்து கிடந்ததா, வெதுவெதுப்பாக இருந்ததா என்று சொல்லிவிடலாம்.

புதைபடிவம் என்றதும் கல்லைத் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் மலைகளின் பாறை மிகப் பழையது, பூமிக்குள் வெந்து உருமாறியது. அதில் இலை கிடைக்காது. பாறைக்கு மேலே, பழைய பள்ளங்களில் தேங்கிய கரிய களிமண்ணில்தான் நமக்கு அதிர்ஷ்டம். அங்கே இலை கல்லாகியிருக்காது. கறுத்து, ஈரமாக, நகத்தால் தட்டினால் மடங்கும் நிலையில் இருக்கும். முதன்முதல் அப்படி ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. இதைச் சொல்ல வெட்கமில்லை.

அந்த வருடம் தலவாக்கலையிலிருந்து கொஞ்ச தூரத்தில் ரோட்டை அகலப்படுத்த மலையை வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் ஆளுயரத்துக்குக் கரிய களிமண். உடைத்தால் உள்ளே இலை, இலைக்குக் கீழே இலை. ஒப்பந்தக்காரரிடம் கெஞ்சிப் பதினொரு நாள் வாங்கினோம். அதற்குப் பிறகு வரும் திங்கட்கிழமை அந்த இடத்தில் கொங்கிறீட் மதில் எழும்பிவிடும், களிமண் அதற்குப் பின்னால் நிரந்தரமாக மறைந்துவிடும்.

வெட்டுமுகத்தை நான்கு படிகளாகச் செதுக்கினேன். அடிப்படி மிகப் பழையது, மேல்படி பிந்தியது. படிக்கு ஒருவராக, பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து, கொழுந்து பறித்துப் பழகிய பெண்கள் நான்கு பேர். அவர்கள் களிமண் கட்டியைப் பிளந்து, இலை தெரிந்தால் பெட்டியில் வைக்க வேண்டும். நான் நூறு அடி தள்ளித் தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்து பெட்டிகளில் வருவதை அளந்துகொண்டிருப்பேன்.

அந்த நான்கு பேரில் மூத்தவர் தெய்வானை அக்கா. அவரை மட்டும் எனக்கு முன்பே தெரியும். மூன்று மாதமாக எங்களுடன் இடத்துக்கு இடம் வந்துகொண்டிருந்தார். பத்தொன்பது வருடம் கொழுந்து பறித்தவர். மலையில் வழுக்கி விழுந்து முழங்கால் கெட்டுப்போனதால் ஏற்றம் ஏற முடியவில்லை. ஆனால் அந்தக் கை! மூங்கில் சிம்பு ஒன்றை வைத்துக்கொண்டு களிமண்ணுக்குள் இலை படுத்திருக்கும் மட்டத்தைக் கண்டுபிடித்து, புத்தகத்தைத் திறப்பதுபோல இரண்டாகத் திறப்பார். ஒரு இலை கிழியாது. படித்த நான் பத்துக்கு நான்கைக் கிழித்துவிடுவேன். அதுவரை போன இடங்களில் அவர் பிளப்பார், பக்கத்தில் உட்கார்ந்து எதை எடுப்பது என்று பார்ப்பது நான்.

எங்கள் பிரிவில் ஒரு நிரந்தர உதவியாளர் இடம் காலியாக இருந்தது. பிரிவுத் தலைவர் ஒருமுறை வந்து அவர் வேலையைப் பார்த்துவிட்டு, ‘இவரையே போடலாம், பரிந்துரை எழுது’ என்றார். எழுதினேன். திங்கட்கிழமை அலுவலகத்துக்கு வந்து கையெழுத்துப் போடும்படி அக்காவுக்குச் சொல்லியிருந்தார்கள்.

அந்தக் கையெழுத்தில் அவருக்கு என்ன தொங்கிக்கொண்டிருந்தது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எங்களோடு வந்த மூன்று மாதமும் அவர் காலையில் பேர் கொடுத்து வேலை வாங்கும் பெரட்டுக்குப் போகவில்லை. போகாவிட்டால் தோட்டத்தில் பேர் வெட்டிவிடுவார்கள். வெட்டிவிட்டார்கள். புருசன் இல்லை, வீட்டில் வேறு யாரும் தோட்ட வேலையில் இல்லை. வரிசை அறைகளில் ஒன்றான லயத்து வீடு தோட்டத்துக்காரருடையது. ‘பேர் இல்லாதவங்களுக்கு வீடு எதுக்கு’ என்று தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா ஏற்கெனவே இரண்டு தடவை கேட்டுவிட்டார். நம் வேலை கிடைத்தால் டவுனில் ஒரு அறை எடுத்துக்கொள்ளலாம் என்று அக்கா இருந்தார். கிடைக்காவிட்டால் வேலையும் இல்லை, வீடும் இல்லை.

இனி பிழைக்கு வருகிறேன்.

முதல் நாள் காலையில் நான்கு பேரையும் நிறுத்தி நான் சொன்னது ஒரே வரி. ‘நல்ல இலையா பாத்து எடுங்க.’ நான் நினைத்தது கிழியாத, ஓரம் முழுசாகத் தெரிகிற இலை. அவர்கள் தலையாட்டினார்கள். நான் கொட்டகைக்குள் போய்விட்டேன்.

பெட்டிகள் வந்தன. அகலமான இலை, மெல்லிய இலை, நீண்ட நுனி. நாள் ஆக ஆக எனக்குத் தலைகால் புரியவில்லை. குளிர்ந்த இந்த மலையில் ஒரு காலத்தில் கித்துல்கலை மாதிரிக் காடு இருந்திருக்கிறது! இன்றைக்கு இருப்பதைவிட எவ்வளவோ சூடு! வியாழக்கிழமை தலைவருக்குப் போன் போட்டு மூச்சு வாங்காமல் சொன்னேன். அவரும் குதூகலித்து, திங்கட்கிழமை பிற்பகல் கண்டியில் நடக்கவிருந்த கூட்டத்தில் இதைச் சொல்வதாக ஏற்பாடு செய்துவிட்டார்.

ஒரு காட்டில் சின்ன இலையே இல்லாமல் இருக்குமா என்ற கேள்வி எனக்கு வரவில்லை. எந்தக் காட்டிலும் சின்னதும் பெரியதும் கலந்துதான் இருக்கும். கிடைப்பது எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் சந்தேகப்பட வேண்டும் என்று மாணவர்களுக்கு நானே வகுப்பெடுத்திருக்கிறேன். ஆசை வந்தால் படிப்பு எங்கே போகிறதோ தெரியவில்லை.

சனிக்கிழமை பகல் பதினொரு மணி இருக்கும். தெய்வானை அக்கா நொண்டிக்கொண்டு கொட்டகை வாசலுக்கு வந்தார்.

“சார், முத்தல் கொட்ட எடமில்ல. கான் நெறஞ்சு போச்சு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் கொட்டட்டுமா?”

“எந்த முத்தல் அக்கா?”

“கழிச்சதுதான் சார்.”

ஓடினேன். படிகளுக்குக் கீழே தேயிலை மலையிலிருந்து தண்ணீர் இறங்குவதற்கு வெட்டிய கான் ஒன்று ஓடியது. அதன் வாய்வரை களிமண் கட்டிகள். குனிந்து ஒன்றைத் தூக்கினேன். பெருவிரல் நகமளவு இலைகள், தடிப்பாக, தோல் மாதிரி, பளபளவென்று. இன்னொன்று. அதிலும் அதே. பத்து நாள் உழைப்பில் பாதிக்கு மேல் அந்தக் கானுக்குள் கிடந்தது.

“யாரக் கேட்டுக் கழிச்சீங்க?” கத்தினேன். ரோட்டு வேலை ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அக்கா மிரண்டுபோய் நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“நீங்கதானே சார் மொத நாளே சொன்னீங்க, நல்ல எலையா பாத்து எடுங்கன்னு. முத்தல் எப்புடி சார் நல்ல எலையாகும்?”

கொழுந்து பறிக்கிறவர்களுக்கு நல்ல இலை என்றால் இளசு, மென்மையானது. சிறுத்துத் தடித்த இலை முத்தல். அது கூடையில் இருந்தால் நிறுக்கிற இடத்தில் ஏச்சு விழும். அதனால் நிறுவைக்குப் போகுமுன் பொறுக்கி வெளியே எறிந்துவிடுவார்கள். பத்தொன்பது வருடம் அந்தக் கை அதைத்தான் செய்திருக்கிறது. கொழும்பில் பிறந்த ஒருவர் இது தெரியாமல் அந்த வரியைச் சொல்லியிருந்தால் மன்னிக்கலாம். நான் டிக்கோயாவில் லயத்தில் பிறந்தவன். என் அம்மாவின் கூடைப் பக்கத்தில் உட்கார்ந்து முத்தல் பொறுக்கியவன். நல்ல இலை என்ற சொல்லுக்கு எனக்கு முதலில் தெரிந்த அர்த்தமே அதுதான்.

இது முதல் பிழை. அடுத்ததைச் சொல்ல எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது.

அந்த இடத்தில் கானுக்குப் பக்கத்து வளைவில்தான் போனுக்குச் சிக்னல் கிடைக்கும். அங்கே நின்று தலைவரைக் கூப்பிட்டேன். நானும் அவரும் சிங்களத்தில்தான் பேசிக்கொள்வோம். திங்கட்கிழமை கூட்டம் மண்டைக்குள் இடித்துக்கொண்டிருந்தது. வாயில் வந்தது இதுதான்: ‘சேர், வேலைக்கு வந்த பொம்பளைகள் விளங்காமல் பாதி இலையைக் கானில் கொட்டிவிட்டார்கள்.’

பாருங்கள், அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. ஆனால் நான் சொன்ன வரி அதில் இல்லை. நான் அதில் எங்குமே இல்லை.

தலைவர் கெட்ட மனிதர் அல்ல. ‘அந்த தெய்வானையும் சேர்ந்துதானா?’ என்று கேட்டார். ஆமாம் என்றேன். ‘அப்படியானால் நியமனத்தை நிறுத்திவைக்கிறேன். கொஞ்சம் படித்த ஆளாகப் பார்ப்போம்’ என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? ‘சரி சேர்’ என்றேன்.

போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பினால், நான்கு பெண்களும் கானுக்குள் இறங்கிவிட்டிருந்தார்கள். இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டு, முழங்கால் வரை சேற்றில் நின்று, கட்டிகளைத் தூக்கிக் கரையில் வைத்துக்கொண்டிருந்தார்கள். மேலே மலையில் மேகம் கறுத்து இறங்கியது. மழை விழுந்தால் மலைத்தண்ணீர் முழுக்க இந்தக் கானில்தான் வரும்.

நானும் இறங்கினேன். ஆனால் மனதுக்குள் ஒரே கவலை. இலைகளை மீட்டாலும் எது எந்தப் படி என்று எப்படித் தெரியும்? பழையதும் பிந்தியதும் கலந்துவிட்டால் அவை வெறும் குப்பைதான், என் மாமா சொன்னதேதான்.

அப்போது தெய்வானை அக்காவின் குரல் கேட்டது.

“ஏய், அவங்கவங்க நெரைய விட்டு மாறாதீங்கடி! சரசு, அது ஒன்னோடது இல்ல, கீழ வையி!”

“என்னக்கா நெரை?” என்று கேட்டேன்.

“மலையில ஆளுக்கொரு நெரை புடிச்சுத்தானே சார் கொழுந்து எடுப்போம்? அடுத்தவ நெரையில கை வைக்க மாட்டோம். இங்கயும் அப்புடித்தான், ஆளுக்கொரு படி. கழிச்சதையும் அவங்கவங்க படிக்கு நேரா கொட்டுனோம். இந்தா, இந்தக் குட்டிச்செடி வரைக்கும் எனது. அங்கிட்டு சரசுவோடது.”

நான் எந்தப் புத்தகத்திலும் எழுதிவைக்காத ஒழுங்கு அங்கே இருந்தது. நம்பலாமா என்று சோதித்தேன். ஒரு கட்டியைப் பிளந்தால் ஒரு பாதியில் இலை ஒட்டிக்கொள்ளும், மறு பாதியில் அதன் அச்சு இருக்கும். பெட்டியில் நான் வைத்திருந்த பாதிகளுக்கு, கானில் கிடந்த மறுபாதிகள் சிலவற்றைப் பொருத்திப் பார்த்தேன். முதல்படியிலிருந்து வந்ததற்கு முதல் குவியலில் ஜோடி இருந்தது. நான்காம் படிக்கு நான்காம் குவியலில். பொருத்திப் பார்த்த ஒன்றுகூடத் தப்பவில்லை.

மூன்று மணிக்கு மழை பிடித்தது. அதற்குள் மூன்று குவியல்களைக் கொட்டகைக்குள் ஏற்றிவிட்டோம். நான்காவதை மழையிலேயே எடுத்தோம். தண்ணீர் சிவப்பாகத் திரண்டு வந்தபோது அக்கா கடைசிக் கட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறினார். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு எப்படி ஏறினார் என்று எனக்குத் தெரியவில்லை.

தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. தலையைத் துவட்டிக்கொண்டே அக்கா கேட்டார்.

“சார், திங்கக்கெழம கையெழுத்துப் போட வரச் சொன்னாங்களே. வரலாமா?”

அவர் முகத்தைப் பார்க்காமல், “பாத்துச் சொல்றேன் அக்கா” என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. அன்றைக்கு உடனே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை.

ஞாயிறு முழுக்க எண்ணினேன். கழித்த இலைகளைச் சேர்த்ததும் என் சூடான காடு காணாமல் போனது. கீழ்ப்படிகள் இரண்டிலும் சிறுத்துத் தடித்த இலைகள்தான் பெரும்பான்மை. அதாவது உயரத்து உச்சிக் காடு தலவாக்கலை வரைக்கும் இறங்கி வந்திருந்த குளிர் யுகம். மேல்படிகளுக்கு வர வர இலை அகலமாகிறது, குளிர் விலகுகிறது. நான் அறிவித்த முடிவு முழுப் பிழை. மீட்ட இலைகள் சொன்னதுதான் உண்மை. அதுவும் படி வரிசை கலையாததால் மட்டுமே அதைச் சொல்ல முடிந்தது.

திங்கள் காலை முதல் பஸ்ஸில் அலுவலகத்துக்குப் போனேன். தலைவரின் அறையில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நல்ல இலை என்று சொன்னது நான், போனில் அதை மறைத்தது நான், வரிசையைக் காப்பாற்றியது தெய்வானை அக்கா. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபிப்பார் என்று நினைத்தேன். கோபித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

‘கூட்டத்தில் முடிவை வாபஸ் வாங்குகிறேன் என்று நானே சொல்லிக்கொள்கிறேன். அது பெரிய காரியமில்லை’ என்றார். ‘ஆனால் அந்தப் பெண்ணின் நியமனத்தை நிறுத்தும்படி சனிக்கிழமையே தலைமையகத்துக்கு எழுதிவிட்டேன். நிறுத்துவதற்கு ஒரு வரி போதும். திரும்ப எடுக்க எத்தனை மேசை ஏற வேண்டும் தெரியுமா? நீ எழுதிக் கொடு, நானும் சேர்ந்து ஏறுகிறேன்.’

எழுதிக் கொடுத்தேன். ஏறினோம். அவரும் நானும் ஏழு மாதம் ஏறினோம்.

அந்த ஏழு மாதமும் தெய்வானை அக்கா நுவரெலியாப் பக்கம் மரக்கறித் தோட்டத்தில் லீக்ஸ் கழுவினார். கொழும்பில் ஒரு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்த தங்கையைக் கூப்பிட்டு, தோட்டத்தில் பேர் பதியவைத்து, லயத்து வீட்டைக் காப்பாற்றிக்கொண்டார். அந்தத் தங்கைக்கு மலையேறிப் பழக்கமே இல்லை. என் ஒரு வரிக்கு அவர் குடும்பத்தில் இரண்டு பேர் வேலை மாறினார்கள்.

கடைசியில் கடிதம் வந்தது. அக்கா வேலையில் சேர்ந்த அன்று காலை, ஆய்வுகூடத்தில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது, நான் அவர் முன்னால் போய் நின்றேன்.

“அக்கா, தாமதத்துக்குக் காரணம் நான்தான். அன்னைக்கு போன்ல உங்கமேல பழியப் போட்டுட்டேன். மன்னிச்சிருங்க.”

“தெரியும் சார்.”

“யார் சொன்னது?”

“யாரும் சொல்லல. நான் கானுக்குள்ளதானே நின்னேன். நீங்க பேசுனது கேட்டுச்சு.”

“நான் சிங்களத்துலல்ல பேசினேன்?”

அக்கா சிரித்தார். “தலவாக்கல டவுன்ல பாதிச் சாமான் சிங்களத்துல கேட்டுத்தான் சார் வாங்குறேன்.”

எனக்கு எங்கே ஒளிவது என்று தெரியவில்லை. எல்லாம் கேட்டுவிட்டுத்தான் அவர் அன்றைக்கு அந்தச் சேற்றில் மாலை வரை நின்றிருக்கிறார். கேட்டுவிட்டுத்தான் ‘அவங்கவங்க நெரை’ என்று கத்தியிருக்கிறார். கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட வரலாமா என்று என்னிடம் கேட்டு, நான் மழுப்பியதையும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.

“அப்பவே ஏன் அக்கா என்னை ஒண்ணும் கேக்கல?”

“மழை வருதே சார். எலையப் பாக்குறதா, ஒங்களப் பாக்குறதா?” என்றார். பிறகு முகம் கொஞ்சம் மாறியது. “பழி போட்டதுகூடப் பரவால்ல சார். பயத்துல மனுசன் சொல்றதுதான். ஆனா ‘பொம்பளைங்க’ன்னு சொன்னீங்க பாருங்க, அதுதான் மனசுக்குக் கஷ்டமாப் போச்சு. மூணு மாசம் ஒங்க கூட வேல செஞ்சேன். தெய்வானை கொட்டிட்டான்னு சொல்லியிருந்தா, இவ்வளவு இருக்காது.”

அலமாரியிலிருந்து தலவாக்கலை இலைகளின் பெட்டிகளைக் கீழே இறக்கினேன். ஒவ்வொரு பெட்டியின் சீட்டிலும் இடம், படி, திகதி, என் பெயர், இவைதான் இருந்தன. பேனாவை எடுத்து, அடிப்படிப் பெட்டிகளின் சீட்டுகளில் ‘எடுத்தவர்: தெய்வானை’ என்று எழுதினேன். அதன் பிறகு சரசுவின் படி, மற்ற இருவரின் படிகள். அவரவர் பெயர். எழுதி, திரும்ப அலமாரியில் அடுக்கி முடிக்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. அக்கா பக்கத்தில் கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

முடித்ததும் தன்னுடைய முதல் பெட்டியைத் தூக்கி, வெளிச்சத்தில் பிடித்து, எழுத்துக் கூட்டி வாசித்தார்.

“சார்,” என்றார், “எஸ் போடல. எஸ். தெய்வானை.”

எல்லாப் பெட்டியையும் மறுபடி இறக்கினேன்.